மூன்றாவது ஓலைக்கு முன்

தாசு,

போன ஞாயிறு கோயிலில் நான் எழுந்து நின்றதை இதற்குள் பத்துப் பேராவது உனக்குப் போன் போட்டுச் சொல்லியிருப்பார்கள். பத்துப் பேரும் பத்து விதமாகச் சொல்லியிருப்பார்கள். அப்பாவுக்குப் புத்தி பிசகிவிட்டது என்று உன் சித்தி சொல்லியிருப்பாள். பெற்ற பிள்ளை மேலேயே பொறாமை என்று இரண்டு பேர் சொல்லியிருப்பார்கள்; அவர்கள் யார் யார் என்றும் எனக்குத் தெரியும். நான்கு நாளாக நீ என் போனை எடுக்கவில்லை. உன் அம்மா பேசினால் எடுக்கிறாய். பக்கத்தில் நான் இருமினால்கூட வைத்துவிடுகிறாய். ஆகவே எழுதுகிறேன். எட்டாம் வகுப்போடு நின்றவன் எழுதுவது, பிழைகள் இருக்கும். திருத்திப் படித்துக்கொள். ஆனால் கடைசி வரி வரை படி.

முதலில் உன் மேல் எனக்குள்ள வருத்தத்தைச் சொல்லிவிடுகிறேன். குருவாகும்படி உனக்கு அழைப்பு வந்த கதையைச் சேகரக் கமிட்டிக்குச் சொன்னாய். பேராயருக்குச் சொன்னாய். இறையியல் கல்லூரியில் நாலு வருடமும் சொல்லியிருக்கிறாய். இப்போது திருமண்டலப் பத்திரிகையில் அச்சிலும் வந்துவிட்டது. என்னிடம் மட்டும் இத்தனை வருடத்தில் ஒருநாளும் நீ சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அரை நிமிடத்தில் முடிந்திருக்கும். ஊரே கூடியிருக்கும் இடத்தில், முதல் பெஞ்சில், இரண்டு பக்கமும் ஆள் உட்கார்ந்திருக்க அதை நான் கேட்டிருக்க வேண்டியதில்லை.

நடந்ததை வரிசையாகச் சொல்கிறேன். இந்த மாதக் கடைசியில் உனக்குக் குருப்பட்டம். அதற்கு முன் மூன்று ஞாயிறு உன் சொந்த சபையில் உன் பெயரை வாசித்து, இவரைக் குருவாக ஏற்படுத்துவதற்கு யாருக்காவது தடை உண்டா என்று கேட்க வேண்டும். கல்யாணத்துக்கு முன் ஓலை வாசிக்கிற மாதிரியே இருப்பதால் நம் ஜனங்கள் இதையும் ஓலை என்றுதான் சொல்கிறார்கள். முதல் ஓலை வாசித்தபோது பின் பெஞ்சில் ஒரு கிழவி, "பையன் பேரு சரி, பொண்ணு பேரு என்னன்னு சொல்லலையே?" என்று கேட்டு எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அன்று எனக்கு இருந்த பெருமையை மறைக்க மாட்டேன். இருபத்திரண்டு வருடம் இந்தச் சபையில் உபதேசியார் இல்லாத ஞாயிறுகளிலெல்லாம் ஆராதனை நடத்தியவன் நான். என்னை உபதேசியாராகவாவது வைத்துக்கொள்ளுங்கள் என்று எழுதிக் கேட்டதற்குப் பத்தாம் வகுப்புச் சான்றிதழ் இல்லை என்று ஒரே வரியில் பதில் அனுப்பினார்கள். அந்தக் கடிதத்தை நான் இன்னும் கிழிக்கவில்லை. அப்படிப்பட்டவனின் மகன் பெயரை அதே பீடத்திலிருந்து வாசிக்கிறார்கள் என்றால் எனக்கு எப்படி இருந்திருக்கும்?

இரண்டாவது ஞாயிறு போதகர் ஐயர் பத்திரிகையைக் கையில் எடுத்துக்கொண்டு வந்தார். இப்போதிருக்கும் ஐயர் சின்ன வயது, நல்லவர், எதையும் சந்தோஷமாகச் செய்கிறவர். "நம்ம சபைப் பிள்ளை தன்னோட அழைப்பைப் பத்தி எழுதியிருக்காக. ஓலை வாசிக்கிறதுக்கு முன்னால இதைக் கேளுங்க" என்று படித்தார். நீ எழுதியதுதான், உனக்கே திருப்பிச் சொல்கிறேன், எனக்குக் கேட்டபடி. ஒன்பது வயதில், ஒரு நடுப்பகலில், திராட்சைப் பந்தலின் நிழலில் நீ தூங்கிக்கொண்டிருந்தாய். வானத்திலிருந்து ஒரு குரல், "அருள்தாசனே, எழுந்து என்னிடம் வா" என்றது. திரும்பவும் ஒருமுறை சொன்னது. மூன்றாம் முறை "அருள்" என்பதோடு நின்றுவிட்டது. வீட்டிலும் தெருவிலும் உன்னை எல்லோரும் தாசு என்றுதான் கூப்பிடுவார்கள். முழுப் பெயரைச் சொல்ல யாருமில்லை. அப்படிப்பட்ட தமிழில் இந்தப் பூமியில் யாரும் பேசுவதில்லை, வேதத்தில்தான் பேசுகிறார்கள். நீ எழுந்து கோயிலுக்கு ஓடிவந்து, கூப்பிட்டீர்களா என்று உன் அப்பாவிடம் கேட்டாய். இல்லை என்றார். "என் தகப்பனார் பொய் சொல்லாதவர். ஆகவே அழைத்தது யார் என்று அன்றே அறிந்துகொண்டேன்" என்று முடித்திருந்தாய்.

எனக்குக் காது அடைத்துவிட்டது. ஐயர் மேற்கொண்டு என்ன சொன்னார் என்று தெரியாது. என் பக்கத்திலிருந்தவர் என் தொடையைத் தட்டி, "உங்களைப் பத்தியும் எழுதியிருக்கானே!" என்றார். அவர் முகத்தைப் பார்த்தேன். அந்த முகம் யாருடையது என்று ஒரு கணம் எனக்கு விளங்கவில்லை.

தாசு, கூப்பிட்டது நான்.

அந்த வருடம் அறுப்பின் பண்டிகைக்காக முதன்முதலாக நம் கோயிலுக்கு ஒரு மைக் செட் வந்தது. அப்போதிருந்த பெரிய ஐயர் தேனியிலிருந்து வாங்கி வந்து, "நான் வந்து பாத்துத்தான் இதைத் தொடணும், யாரும் கை வைக்கக் கூடாது" என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார். கோயிலுக்குக் கோபுரம் கிடையாது. ஒலிபெருக்கிக் குழாயை மட்டும் பக்கத்துத் திராட்சைத் தோட்டத்தின் வரப்பிலிருந்த தென்னையில் ஏற்றிக் கட்டச் சொல்லியிருந்தார். கட்டினேன். கட்டிய பிறகு கை சும்மா இருக்கவில்லை. கரண்ட் இல்லாத நேரம். நான் ஓட்டிக்கொண்டிருந்த ஜீப்பைச் சுவர் ஓரமாகக் கொண்டு வந்து பாட்டரியிலிருந்து வயர் கொடுத்தேன். மைக்கைப் பிடித்துக்கொண்டு டிரைவர் சீட்டில் உட்கார்ந்தேன். கல்யாண வீட்டு மைக் செட்காரன் போல ஒன்று, இரண்டு, மூன்று என்று சொல்ல மனம் வரவில்லை. இது கோயில் மைக். நான் ஐயராகியிருந்தால் எப்படிப் பேசியிருப்பேன் என்று எனக்கு ஆசை. நாற்பது வயது ஆளுக்கு அப்படி ஒரு ஆசை. குரலை இறக்கி, வேதம் வாசிக்கிற தமிழில், ஐயர் மாதிரியே இழுத்துச் சொன்னேன். என்ன சொல்வது என்று யோசித்தபோது நீ நினைவுக்கு வந்தாய். ஏனென்றால், தாசு, நீ எனக்குச் சோறு கொண்டு வர வேண்டிய நேரம் அது. ஒரு மணி நேரம் தாண்டியும் நீ வரவில்லை. எனக்குப் பசி.

எழுந்து என்னிடம் வா என்றது அதற்குத்தான். தூக்குவாளியோடு வா என்று அர்த்தம். நீ வழியில் பந்தலுக்குள் புகுந்து, வாளியைப் பக்கத்தில் வைத்துத் தூங்கிப் போயிருக்கிறாய். உன் தலைக்கு மேலே தென்னையில் குழாய். மைக் செட்டில் சினிமாப் பாட்டுத்தான் நீ கேட்டிருக்கிறாய். அது உன் பெயரைச் சொல்லும் என்று ஒன்பது வயதில் உனக்கு எப்படித் தெரியும்? இரண்டு முறை கூப்பிட்டேன். சத்தம் போதவில்லை என்று தோன்றி, ஜீப்பை ஸ்டார்ட் செய்து ஆக்சிலேட்டரை மிதித்துக்கொண்டே மூன்றாம் முறை ஆரம்பித்தேன். "அருள்" என்றதும் பெட்டிக்குள் பட்டென்று ஒரு சத்தம். புகை. மீதிப் பெயரைச் சொல்லும் பொறுப்பை அந்தக் குரல் உன்னிடமே விட்டுவிட்டது என்று நீ எழுதியிருக்கிறாய். அது அப்படி விடவில்லை. ஆம்ப்ளிஃபையர் கருகிவிட்டது.

வயரைப் பிடுங்கிக்கொண்டிருக்கும்போதே பெரிய ஐயரின் மோட்டார் சைக்கிள் வந்து நின்றது. "என்னய்யா நாத்தம்?" என்றார். "பெட்டியத் தொறந்தேன், உள்ளேயிருந்து இப்படி நாறுது. நான் தொடவேயில்லை" என்றேன். அவர் பெட்டியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "நீங்க சொன்னாச் சரிதான். உங்க வாயில பொய் வராது. கடைக்காரன்தான் கெட்டதைத் தலையில கட்டிட்டான்" என்றார். சரியாக அந்த நேரத்தில் நீ ஓடி வந்தாய். வாளி இல்லை, சட்டை முழுக்க மண். "அப்பா, என்னையக் கூப்பிட்டீகளா?" என்றாய். ஆமாம் என்றால் எதில் கூப்பிட்டாய் என்று ஐயர் கேட்பார். "நான் கூப்பிடல. யாரும் கூப்பிடல. போ அங்கிட்டு" என்று கத்தினேன். நீ என் முகத்தையே பார்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றது எனக்கு நினைவிருக்கிறது. பயந்துவிட்டாய் என்று நினைத்தேன். சாயங்காலம் மரத்திலிருந்து குழாயை இறக்கிக் கடைக்கே திருப்பி அனுப்பினார்கள். மாற்றுப் பெட்டி பண்டிகைக்கு முதல் நாள்தான் வந்தது. அதோடு நான் அதை மறந்தேன். ஒரு பெட்டி போனதற்காகச் சொன்ன பொய். அதன் மேல் நீ இருபது வருடம் ஏறி நின்றிருக்கிறாய் என்று எனக்குத் தெரியாது.

இதைத் தெரிந்துகொண்டும் ஒரு தகப்பன் பேசாமல் உட்கார்ந்திருக்கலாமே என்று நீ கேட்கலாம். உன் அம்மாவும் அதைத்தான் கேட்கிறாள். என்னால் முடியாது. காரணம் ராஜன். அவனை உனக்கு நினைவிருக்கும், உன்னைவிட ஏழெட்டு வயது மூத்தவன், வாலிபர் சங்கத்தில் ஆர்மோனியம் வாசிப்பான். நீ பள்ளியில் படித்துக்கொண்டிருந்தபோது அவன் ஊழியத்துக்கு மனுப் போட்டான். சேகரக் கமிட்டி சிபாரிசு செய்தால்தான் மனு மேலே போகும். கமிட்டியில் அப்போது நான் இருந்தேன். யார் யாரோ வேலை கிடைக்காமல் ஊழியத்துக்கு வருகிறார்கள் என்று எனக்கு ஆத்திரம். உண்மையாக அழைப்புள்ள நான் வெளியே நிற்கிறேன், சான்றிதழ் உள்ளவனெல்லாம் உள்ளே போகிறான் என்ற ஆத்திரமும்தான். அதனால் மனுப் போடுகிற ஒவ்வொருவனிடமும் மூன்று கேள்வி கேட்க வேண்டும் என்று சண்டை போட்டுத் தீர்மானம் எழுத வைத்திருந்தேன். எந்த நாள் அழைப்பு வந்தது? எந்த இடத்தில்? என்ன கேட்டாய், அல்லது என்ன பார்த்தாய்?

ராஜன் சொன்னான்: தேனியில் ஆஸ்பத்திரியில் குடல்வால் ஆபரேஷன் முடிந்து படுத்திருந்தபோது, வார்டு முழுக்க இருண்டு, பிறகு ஒரு பெரிய வெளிச்சம் நிறைந்தது, அப்போது அழைப்பை உணர்ந்தேன் என்று. மற்றவர்கள் அல்லேலூயா என்றார்கள். நான் தேதியையும் நேரத்தையும் எழுதிக்கொண்டேன். மறுநாளே பஸ் ஏறித் தேனிக்குப் போய் அந்த ஆஸ்பத்திரி வாட்ச்மேனைப் பிடித்து விசாரித்தேன். அடுத்த கூட்டத்தில் எழுந்து, "ஏலே ராஜா, அன்னைக்குக் கரண்ட் போயிருக்கு. ஜெனரேட்டர் போட்டிருக்காக. நீ பாத்த வெளிச்சம் டீசல்ல எரிஞ்சது" என்றேன். கமிட்டி விழுந்து விழுந்து சிரித்தது. அவன் தலையைக் குனிந்துகொண்டு வெளியே போனான். மனு அங்கேயே நின்றது. உங்களைப் போலக் கண்டிப்பான ஆள்தான் சபைக்குத் தேவை என்று அன்றிருந்த ஐயர் என் கையைப் பிடித்துக் குலுக்கினார். அதை வெகுநாள் பெருமையாகச் சொல்லிக்கொண்டு திரிந்தேன். உன்னிடமும் சொல்லியிருக்கிறேன்.

இப்போது சொல். ராஜனின் ஜெனரேட்டர் ஆகாது, என் மகனின் ஜீப் பாட்டரி ஆகும் என்று நான் உட்கார்ந்திருக்க முடியுமா?

ஐயர் ஓலையை வாசித்து, தடை உண்டா என்று கேட்டார். எழுந்து நின்றேன். வேலை இருந்து வெளியே போகிறேன் என்று நினைத்து ஒருவர் காலை மடக்கி வழிவிட்டார். "தடை உண்டு" என்றேன். கோயிலில் ஒரு குழந்தை அழுதுகொண்டிருந்தது, அதுகூட நின்றுவிட்டது. பெண்கள் பக்கத்திலிருந்து உன் அம்மா, "ஏங்க, உக்காருங்க" என்று பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னாள். ஐயர் சிரிப்பதா வேண்டாமா என்று தெரியாமல், "ஐயா, நீங்க யாருக்கு..." என்று இழுத்தார். "என் மகனுக்குத்தான். அவனைக் கூப்பிட்டது நான். மைக்கில கூப்பிட்டேன். பெட்டி கருகிப்போச்சு. அன்னைக்குப் பெரிய ஐயர்கிட்டயும் பொய் சொன்னேன், அவன்கிட்டயும் பொய் சொன்னேன். அவன் மேல ஒரு குத்தமும் இல்லை. ஆனா அந்தச் சாட்சி செல்லாது" என்றேன். அவ்வளவுதான் சொன்னேன். இதற்கு மேல் நான் சொன்னதாக யார் சொன்னாலும் நம்பாதே. பிறகு உட்கார்ந்தேன். என் வாயிலிருந்து வந்ததைக் கேட்டு நானே திகைத்துப் போயிருந்தேன்.

வீட்டுக்கு வந்து உன் அம்மா கதவைச் சாத்தியதும் ஆரம்பித்தாள். "இத்தனை வருசமா வாயில என்ன கொழுக்கட்டையா வச்சிருந்தீக? இன்னைக்குத்தான் உண்மை பொத்துக்கிட்டு வருதோ?" என்றாள். "எனக்கு இன்னைக்குத்தான தெரியும்" என்றேன். "தெரிஞ்சா புள்ளைக்குப் போனைப் போட்டுச் சொல்லுறது. சபையில எந்திரிச்சு நிக்கணுமா? உங்களுக்குக் கிடைக்காதது அவனுக்குக் கிடைக்குதுன்னு ஊரு பேசும்" என்றாள். "பேசட்டும்" என்றேன். "ஆமா, உங்களுக்கு ஊரும் வேணாம், வீடும் வேணாம். நீங்க சரின்னு எழுதி நெத்தியில ஒட்டிக்கிட்டாப் போதும்" என்றாள். இந்த ஒரு சொல் என்னைச் சுட்டது. அவள் சொன்னதில் ஒரு பங்கு நியாயம் உண்டு: உனக்குத்தான் முதலில் சொல்லியிருக்க வேண்டும். ஆராதனை முடியும் வரை பொறுத்து, வெளியே வந்து உன்னைப் போனில் கூப்பிட்டிருக்க வேண்டும். அந்தப் பிழையை ஒப்புக்கொள்கிறேன். நின்றது பிழை என்று ஒப்புக்கொள்ள மாட்டேன். தடை உண்டா என்று கேட்கிற கேள்வி அலங்காரத்துக்கு இல்லை. நாளைக்கு நீயும் பீடத்தில் நின்று இதைக் கேட்பாய். கேட்டால் பதில் வரும் என்று எதிர்பார்த்துக் கேள்.

திங்கட்கிழமை ஐயர் வீட்டுக்கே வந்தார். காப்பி குடித்துவிட்டு மெதுவாகச் சொன்னார். "ஐயா, ஒன்னு யோசிச்சுப் பாருங்க. உங்க வாயைக் கொண்டே கடவுள் அவனைக் கூப்பிட்டிருக்கலாம்ல? உங்களுக்குப் பசின்னு நீங்க நினைச்சீக. அவருக்கு வேற திட்டம். இப்படி எடுத்துக்கிட்டா யாருக்கும் சங்கடமில்லை. தடையை வாபஸ் வாங்குறதா ரெண்டு வரி எழுதிக் கொடுங்க." எவ்வளவு இனிப்பான பதில். என் பசி, என் ஆசை, என் பொய் எல்லாமே ஒரே வாக்கியத்தில் பரிசுத்தமாகிவிடுகிறது. "சரி ஐயா, அப்ப ராஜனுக்கு எரிஞ்ச ஜெனரேட்டர்?" என்றேன். அவருக்கு அந்தக் கதை தெரியாது. சொன்னேன். "அதுக்கு எனக்குப் பதில் தெரியல" என்றார். தெரியாததைத் தெரியாது என்று சொன்னதால் அவர் மேல் எனக்கு மரியாதை கூடியது. விஷயத்தைப் பேராயருக்குத் தெரிவித்துவிட்டதாகவும், சனிக்கிழமை உன்னை நேரில் வரச் சொல்லிப் பேராயர் விசாரிப்பார் என்றும் சொல்லிவிட்டுப் போனார்.

செவ்வாய்க்கிழமை ராஜனைத் தேடிப் போனேன். பழனிசெட்டிபட்டியில் செல்போன் கடை வைத்திருக்கிறான். மன்னிப்புக் கேட்கப் போனேன் என்று நினைக்காதே. ஒரே அளவுகோலைத்தான் இருவருக்கும் வைத்தேன் என்று சொல்லப் போனேன். அவனும் ஞாயிறு நடந்ததைக் கேள்விப்பட்டிருந்தான். "வாங்க மாமா. உங்க வீட்டு ஜெனரேட்டரையும் நீங்களே அமத்திட்டீகளாமே" என்று சிரித்தான். குத்தலாகச் சொல்லவில்லை, விளையாட்டாகத்தான் சொன்னான். ஸ்டூலைத் துடைத்துப் போட்டான்.

"அன்னைக்கு உன்னையச் சொன்னது சரிதானே ராஜா?" என்றேன்.

"சரிதான் மாமா. அது ஜெனரேட்டர்னு எனக்கும் தெரியும்."

"எப்பத் தெரியும்?"

"அன்னைக்கே. சத்தம் கேட்டுச்சே, தடதடன்னு."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "தெரிஞ்சுமா கமிட்டியில சொன்ன?" என்றேன்.

ஒரு போனைப் பிரித்து வைத்திருந்தான். அதை ஓரமாக நகர்த்தினான். "நீங்க கேட்ட கேள்வி அப்படி மாமா. எந்த நாளு, என்ன கேட்ட, என்ன பாத்த. நான் ஒன்னும் கேக்கலையே, பாக்கலையே. பக்கத்துக் கட்டில்ல ஏலத்தோட்டத்து ஆளு ஒருத்தரு. மலையாளம்தான் பேசுவாரு. பாக்க யாரும் வரல. ரெண்டு நாளு என் கையைப் பிடிச்சுக்கிட்டே கிடந்தாரு. ரெண்டாம் நாளு கரண்ட் போயி வந்தப்ப பாத்தா உசுரு இல்ல. கையை மட்டும் விடல. நர்ஸ் வந்துதான் பிரிச்சு எடுத்தாக. இந்த மாதிரி ஆளுகளுக்குப் பக்கத்துல இருக்கிறதுதான் நமக்கு வேலைன்னு அப்பத் தோணுச்சு. இதைச் சொன்னா உங்க மூணு கேள்விக்கும் பதில் வருமா? அதான் வெளிச்சத்தைச் சொன்னேன்."

"அதைச் சொல்லியிருந்தா நானே சிபாரிசு பண்ணியிருப்பேனடா" என்றேன்.

"பண்ணியிருக்க மாட்டீக. 'ஆளு செத்ததைப் பாத்துப் பயந்துட்ட, போடா'ன்னு சொல்லியிருப்பீக" என்றான்.

அவன் சொன்னபடியேதான் சொல்லியிருப்பேன். என்னை எனக்குத் தெரியாதா? அரை மணி நேரம் அந்த ஸ்டூலில் உட்கார்ந்திருந்தேன். ரீசார்ஜ் செய்ய வருகிறவர்கள் என்னைச் சுற்றிக்கொண்டு போனார்கள். கிளம்பும்போது, நான் எழுதிய மூன்று கேள்விகளும் தப்பு என்று சொன்னேன். என் வாயிலிருந்து தப்பு என்ற சொல் வந்ததைக் கேட்டு அவன்தான் அதிகம் அதிர்ந்தான். "மாமா, உடம்பு கிடம்பு சரியில்லையா?" என்றான். இப்போதும் ஆஸ்பத்திரிக்குப் போவானாம், ஞாயிறு மத்தியானம். யாரும் பார்க்க வராத கட்டிலாகப் பார்த்து உட்காருவானாம். அதற்கு யாரும் அவனுக்குப் பட்டம் கொடுக்கவில்லை.

திரும்பும் பஸ்ஸில்தான் எனக்கு உறைத்தது. அதே மூன்று கேள்விகளை உன்னிடமும் கேட்டிருப்பார்கள். உன் மனு வந்த அன்று, சொந்தக்காரர் இருக்கக் கூடாது என்று என்னை வெளியே அனுப்பினார்கள். வேப்பமரத்தடியில் உட்கார்ந்திருந்தேன். உள்ளே நீ, நான் எழுதி வைத்த கேள்விக்கு, நான் மைக்கில் கத்திய சத்தத்தைப் பதிலாகக் கொடுத்துக்கொண்டிருந்திருக்கிறாய். கேள்வியும் என்னுடையது, பதிலும் என்னுடையது. இந்த விஷயத்தில் உன்னுடையது என்று இதுவரை யாருமே எதையும் கேட்கவில்லை, தாசு. இதை நினைத்தபோது சின்னமனூர் வருவதற்குள் இரண்டு முறை கண்ணைத் துடைத்துக்கொண்டேன்.

ஆனால் தடையை எழுத்தில் வாபஸ் வாங்க மாட்டேன். அந்தச் சாட்சி செல்லாது. அதில் நான் மாறவில்லை. சனிக்கிழமை பேராயர் கேட்கும்போது சத்தத்தைப் பற்றிப் பேசாதே. ஐயர் சொல்வது போல என் வாய், கடவுளின் திட்டம் என்று அழகாகத் திருப்பியும் சொல்லாதே. நீ படித்தவன், உனக்கு அது சுலபமாக வரும். அந்தப் பகலை மொத்தமாகக் கழித்துவிடு. கழித்த பிறகு உன்னிடம் என்ன இருக்கிறது என்று பார். இத்தனை வருடம் ஊர் ஊராய்ப் போய்ச் சபை வேலை செய்திருக்கிறாயே, அதில் ஏதாவது ஒன்று இருக்கும், அல்லது இருக்காது. இரண்டில் எது என்று உனக்குத்தான் தெரியும்.

எனக்குத் தெரிந்த ஒன்று உண்டு. போன மழைக்காலத்தில், குமுளி மலையில் ஒரு ஜீப் கவிழ்ந்த அன்று, உன்னை ஓரிடத்தில் பார்த்தேன். நான் பார்த்தது உனக்குத் தெரியாது. அதை இங்கே எழுதினேன். எழுதிவிட்டு அடித்துவிட்டேன், இந்தப் பக்கத்தில் நாலு வரி கறுப்பாக இருக்கிறதே, அதுதான். வெளிச்சத்தில் பிடித்து வாசிக்கப் பார்க்காதே, அழுத்தி அடித்திருக்கிறேன். நான் எழுதினால் அதையே பேராயரிடம் ஒப்பிப்பாய். பிறகு இரண்டாம் தடவையும் உன்னைக் கூப்பிட்டது நான் என்று ஆகிவிடும்.

உன்னிடம் ஒன்றும் இல்லை என்றால், இல்லை என்றே பேராயரிடம் சொல். அதில் வெட்கம் இல்லை. சொல்லிவிட்டு வீட்டுக்கு வா. பஸ் நிற்கும் இடத்துக்கு நானே ஜீப்பைக் கொண்டு வருவேன், யார் என்ன கேட்டாலும் நான் பதில் சொல்லிக்கொள்கிறேன். இருக்கிறதென்றால் அதைச் சொல். எனக்குச் சொல்ல வேண்டாம். ஞாயிற்றுக்கிழமை காலை ஐயர் மூன்றாவது ஓலையை எடுத்துப் பிரிப்பார். அதில் உன் பெயர் இருந்து, அவர் தடை உண்டா என்று கேட்டால், முதல் பெஞ்சில் நான் உட்கார்ந்தபடியே இருப்பேன்.

அப்பா